பழைய நெகட்டிவ்களுக்கு எந்த உறை, எந்தப் பெட்டி? ‘ஆர்க்கைவல்’ பொருள்கள் பற்றி ஒரு கறாரான மதிப்பீடு

ஆரம்பகாலப் புகைப்படக்காரர் ஒருவரின் சேகரிப்பைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று தலைமுறைப் பொருள் ஒரே அலமாரியில் கிடக்கும். அடித்தட்டில் கண்ணாடித் தகடுகள், அதற்கு மேல் 1920, 30களின் ஃபிலிம் நெகட்டிவ்கள், இடுக்குகளில் அட்டையில் ஒட்டியதும் ஒட்டாததுமாகப் பிரிண்டுகள். இவற்றைக் காப்பாற்ற என்று விற்கும் உறை, பெட்டி, பட்டை, கையுறை எல்லாவற்றின் மேலும் ‘ஆர்க்கைவல்’, அதாவது நெடுங்காலப் பாதுகாப்புக்கு ஏற்றது, என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் எதன் மேலும் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் தரமும் இல்லை, சோதனையும் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பட்ஜெட் சிறியது என்றால் நான்கு மடிப்புத் தாள் உறை, ஏ-டி பட்டை (ஃபிலிம் சிதைவதை நிறம் மாறிக் காட்டும் சாயத் தாள்), உறுதியான அட்டைப் பெட்டி, இந்த மூன்றையும் வாங்குங்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பாலியெஸ்டர் உறையை எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஆர்டர் போடாதீர்கள். அது நல்ல பொருள்தான். தவறான நெகட்டிவுக்குப் போட்டால் நல்ல பொருளே கெடுதல் செய்யும்.

ஆர்டர் போடும் முன் பிரித்துக்கொள்ள வேண்டியது

உறை எது என்பதை உள்ளே இருப்பதுதான் தீர்மானிக்கும். கண்ணாடியில் இரண்டு வகை. கொலோடியன் தகடு 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை. கையால் ஊற்றிய பூச்சு என்பதால் ஓரம் ஒழுங்காக இருக்காது. ஒரு மூலையில் விரல் பிடித்த தழும்பு தெரியும். சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பால் கலந்த காப்பி நிறம். மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஜெலட்டின் உலர் தகடு 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் முன்வைத்தது, அந்தப் பத்தாண்டின் கடைசியில் தொழிற்சாலைப் பொருளாக வந்தது. பூச்சு சீராக இருக்கும், நிறம் கறுப்பு அல்லது சாம்பல், ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு பரவியிருக்கும். இந்த மினுமினுப்பு அழுக்கு அல்ல. காற்றிலும் தரங்கெட்ட அட்டையிலும் உள்ள வாயுக்கள் வெள்ளியை ஆக்சிகரணம் செய்து, அது மேற்பரப்புக்கு வந்து மீண்டும் படிந்தது. துடைத்தால் போகாது, துடைக்கவும் கூடாது.

ஃபிலிம் விஷயத்தில் தவறு செய்தால் ஆபத்து. ஃபிலிமின் அடிப்பொருளாக 1889 முதல் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிளாஸ்டிக், பிறகு அசிட்டேட் பிளாஸ்டிக். ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வேலை சுலபம். கோடாக் ஷீட் ஃபிலிமில், 1949க்கு முந்தையதானால், ஓரத்து வெட்டுக் குறிகளில் முதல் வெட்டு ஆங்கில ‘வி’ வடிவமென்றால் நைட்ரேட், ‘யு’ வடிவமென்றால் அசிட்டேட். ஒன்றும் தெரியாவிட்டால் நைட்ரேட் என்றே நினைத்து நடத்துங்கள். சின்னத் துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றியும் அடங்காது. கைவிட வேண்டிய சோதனை இது.

உறை, அட்டையின் தரம்: எந்தச் சோதனையைக் கேட்பது

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘ஃபோட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் தேறியதா?’ சுருக்கமாகப் பி.ஏ.டி. இதன் இன்றைய வடிவம் ஐ.எஸ்.ஓ. 18916. சோதிக்க வேண்டிய தாளையோ அட்டையையோ, கூழ்ம வெள்ளி கொண்ட உணரிப் பட்டையோடும் ஜெலட்டினில் கறை படிகிறதா என்று காட்டும் இன்னொரு பட்டையோடும் ஒட்டி அடுக்கி, 70 டிகிரி செல்சியஸ், 86 சதவீத ஈரப்பதத்தில் 15 நாள் வைப்பார்கள். வெள்ளி மங்கினாலோ புள்ளி விழுந்தாலோ, ஜெலட்டின் மஞ்சளானாலோ தோல்வி. ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற வாசகம் இதற்கு ஈடாகாது. அமிலமே இல்லாத தாளிலும் கந்தகமோ பெராக்சைடோ இருந்து வெள்ளியைக் கடிக்க முடியும்.

தேறிய சான்று காட்டினாலும் எதற்குச் சான்று என்று கவனியுங்கள். தாள் தேறியிருக்கும், அந்த உறையின் ஒட்டுப்பசை சோதிக்கப்பட்டே இருக்காது. மேலே அச்சிட்ட லேபிள் மையும் தனிப்பொருள். தாளில் ஆல்ஃபா செல்லுலோஸ் (தூய நார்ப்பொருள்) 87 சதவீதத்துக்கு மேல், லிக்னின் (தாளை மஞ்சளாக்கும் மரப்பொருள்) இல்லாமை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு சுமார் 2 சதவீதம் கால்சியம் கார்பனேட் கலந்த காரத்தன்மை: இதெல்லாம் சான்றோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

சான்று இல்லாத பழைய ஸ்டாக் கையில் இருந்தால், குளோரோஃபீனால் ரெட் மை உள்ள பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மஞ்சளாகவே நின்றால் அமிலத் தாள், ஊதாவாக மாறினால் பரவாயில்லை. இது மேற்பரப்பை மட்டும் சொல்லும். உள்ளே மரக்கூழும் வெளியே நல்ல தாளும் ஒட்டிய அட்டை இந்தப் பேனாவை ஏமாற்றிவிடும். கோடு இழுத்த தாளைப் பிறகு உறையாகப் பயன்படுத்தாதீர்கள்.

நான்கு மடிப்பு உறை: இதுதான் நாயகன்

சிலுவை வடிவில் வெட்டிய ஒரே தாள். நடுவில் தகட்டை வைத்து நான்கு பக்கமும் மடித்து மூட வேண்டும். ஒட்டு இல்லை, பசை இல்லை. தகட்டை உள்ளே தள்ளவோ வெளியே இழுக்கவோ தேவையில்லை. இதன் முழு மதிப்பும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் செருகும் கவரில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு, தாளில் உரசும். நூறு ஆண்டு பழைய ஜெலட்டின் ஓரத்தில் தூக்கி நின்றால், ஒரே ஒரு உருவலில் செதில் கழன்றுவிடும்.

மடிக்கும் விதம் இப்படி. உறையைச் சமதளத்தில் விரித்து, எமல்ஷன் பக்கம் மேலே பார்க்கத் தகட்டை நடுவில் வையுங்கள். எமல்ஷன் பக்கம் மங்கலாக, கண்ணாடிப் பக்கம் பளிச்சென்று இருக்கும். முதலில் எதிரெதிரான இரண்டு குறுகிய மடிப்புகள், பிறகு நீளமான இரண்டு. பெயர், எண் எல்லாம் காலி உறையில், எச்.பி. பென்சிலால், தகட்டை வைக்கும் முன்பே எழுதியாக வேண்டும். உள்ளே தகடு இருக்கும்போது மேலே எழுதினால் பென்சிலின் அழுத்தம் நேராக எமல்ஷனில் இறங்கும். பால்பாயிண்ட் மை காலப்போக்கில் ஊடுருவும், வேண்டாம்.

தாளின் கனம் ஃபிலிமுக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிராம் போதும். கண்ணாடிக்கு 120 கிராம். அதைவிட மெல்லியது, தகட்டின் கூரான ஓரத்தில் சில மாதத்திலேயே கிழியும். அதைவிடத் தடித்தது மடிப்பில் நிமிர்ந்து நின்று, பெட்டியில் இடத்தைத் தின்னும்.

குறையும் உண்டு. ரெடிமேட் அளவுகள் காலை வாரும். ‘ஹாஃப் பிளேட்’ என்று ஆர்டர் போட்டால் ஒரு கடை 121 × 165 மி.மீட்டருக்குக் கொடுக்கும், அமெரிக்க வழக்கில் அதே பெயர் ஏறத்தாழ 108 × 140 மி.மீட்டரைக் குறிக்கும். முழு பிளேட் 165 × 216, கால் பிளேட் 83 × 108. போதாதற்கு, ஸ்டூடியோவிலேயே கண்ணாடி வெட்டிய காலத்துத் தகடுகளில் ஒரே கட்டுக்குள் இரண்டு, மூன்று மி.மீட்டர் வித்தியாசம் வரும். பெயரைச் சொல்லி வாங்காமல் மி.மீட்டரில் அளந்து, இருபக்கமும் இரண்டு மி.மீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். இறுக்கமான உறையைவிட சற்றுத் தளர்வானது மேல். ஆனால் ஐந்து மி.மீட்டருக்கு மேல் தளர்ந்தால் தகடு உள்ளேயே ஆடும்.

பாலியெஸ்டர்: எங்கே சரி, எங்கே தப்பு

மேல்பூச்சு எதுவும் இல்லாத பாலியெஸ்டர், உதாரணமாக மெலினெக்ஸ் 516, ரசாயன ரீதியில் மிகவும் நிலையானது. தினமும் பலர் எடுத்துப் பார்க்கும் பிரிண்டுகளுக்கு இதற்கு நிகரில்லை. விரல் படாமல் இருபக்கமும் பார்க்கலாம். பிரிண்டின் பின்னால் அதே அளவில் ஒரு நல்ல அட்டையைச் சேர்த்துச் செருகினால் வளையாது.

கண்ணாடித் தகட்டுக்கு வேண்டாம். முதல் காரணம் நிலைமின்சாரம். உறையைத் திறக்கும்போது ஏற்படும் சின்ன இழுப்பு, பிடிப்பு விட்ட எமல்ஷன் செதிலைத் தூக்கிவிடும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு போன செதிலை மறுபடி இடத்தில் வைக்க முடியாது. இரண்டாவது, ஈரப்பதம் 70, 80 சதவீதத்தைத் தொடும் நாட்களில் ஜெலட்டின் இளகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பளபளப்புத் திட்டு விழும். மூன்றாவது ஃபிலிமுக்கு: சிதையத் தொடங்கிய அசிட்டேட்டும் நைட்ரேட்டும் அமில ஆவி விடுபவை. அது வெளியேற வேண்டும். பாலியெஸ்டர் அதை உள்ளேயே அடைக்கும். அடைபட்ட அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். காரத்தன்மையுள்ள தாள் கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சவாவது செய்யும்.

பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் உறைகள் விலையில் கீழே, பயனில் ஏறத்தாழ இதே வரிசை. பிரிண்டுக்கு நல்லது, கண்ணாடிக்கு வேண்டாம்.

பட்டர் பேப்பர் கவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. காலத்தோடு அமிலமாகி, ஈரத்தில் சுருங்கி, அந்தச் சுருக்கத்தை எமல்ஷனில் அச்சாகப் பதித்துவிடும். நடுவில் ஒட்டிய கவரென்றால் ஒட்டுக்கோட்டுக்கு நேரே படம் வெளுத்திருக்கும். பழைய கவரில் எழுதிய பெயர், தேதி, ஆர்டர் எண் மட்டும் முக்கியம். கவரின் இருபக்கத்தையும் படமெடுத்து, விவரத்தைப் புதிய உறையில் எழுதி, பழைய கவரைத் தனிப் பெட்டியில் அதே எண்ணோடு வைத்துவிடுங்கள். தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள்தான் அதிகம்.

பி.வி.சி. ஆல்பம் தாள்களை இன்றே எடுத்துவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும், அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கியும் படத்தில் ஒட்டும். எது பி.வி.சி. என்று சந்தேகம் வந்தால்: சுட்ட செம்புக் கம்பியை அந்தப் பிளாஸ்டிக்கில் ஒற்றி மீண்டும் தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வரும். இந்தச் சோதனையை நெகட்டிவ் உள்ள அறையில் செய்யவே கூடாது. காரணம் மேலே சொன்ன நைட்ரேட்.

பெட்டி: எடையைப் போட்டுப் பாருங்கள்

கண்ணாடிக்குப் பெட்டி வாங்குகிறவர்கள் அளவைப் பார்க்கிறார்கள், கனத்தைக் கணக்கிடுவதில்லை. இரண்டு மி.மீட்டர் தடிமனுள்ள முழு பிளேட் ஒன்று சுமார் 180 கிராம். முப்பது போட்டால் ஐந்தரைக் கிலோவை நெருங்கும். உறை, தடுப்பு, பெட்டி சேர்த்தால் ஆறுக்கு மேல். ஹாஃப் பிளேட் ஒன்று 100 கிராம், நாற்பது போட்டால் நான்கு கிலோ. ஒரு கையில் தூக்கும் நினைப்பில் அடிப்பாகம் பிய்ந்து விழுந்த பெட்டிகளின் கதை எல்லாச் சேகரிப்பிலும் ஒன்றாவது இருக்கும்.

அதனால் ஒன்றரை மி.மீட்டர் அட்டையும் உலோக மூலைப்பட்டியும் உள்ள பெட்டிதான் குறைந்தபட்சம். பசையால் மட்டும் ஒட்டிய மூலை கண்ணாடிக்குத் தாங்காது. தகடுகளை நீளமான ஓரத்தில் நிற்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அடித்தகட்டின் மேல் மொத்தப் பாரமும் விழுந்து நடுவில் விரிசல் விடும். அடியில் ஆறு மி.மீட்டர் பாலிஎத்திலீன் ஃபோம், ஐந்து தகடுக்கு ஒரு விறைப்பான தடுப்பட்டை, கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தை அட்டையால் நிரப்புங்கள். சாயும் தகடுதான் உடையும் தகடு. பாலியூரித்தேன் ஃபோம் (மெத்தையில் இருக்கும் மஞ்சள் பஞ்சு) சில ஆண்டுகளில் பொடிந்து ஒட்டும். அதைப் பெட்டிக்குள் விடாதீர்கள். பெட்டியின் வெளியே ‘கண்ணாடி, கனம்’ என்று பெரிதாக எழுதி, இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பழைய மரப் பெட்டி, உள்ளே பள்ளம் வெட்டியது, பார்க்க அழகு. ஆனால் மரம், குறிப்பாக ஓக், அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி விடும். பள்ளத்தில் மாட்டி இழுக்கும்போது ஓரமும் சில்லு விடும். பெட்டியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தகடுகளை வெளியே எடுங்கள். அலமாரியும் அப்படித்தான்: பவுடர் கோட்டிங் செய்த இரும்பு நல்லது. புதிதாக ஆயில் பெயின்ட் அடித்த அறையில் நெகட்டிவை வைத்தால், பெயின்ட் விடும் பெராக்சைடு வெள்ளியில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

உடைந்த தகட்டுக்குத் தனி வசதி. செலோடேப் ஒட்டவே கூடாது. துண்டுகள் ஒன்றோடொன்று தொடாதபடி இடையில் அட்டைச் சீவல்கள் வைத்து, தடித்த அட்டையில் பள்ளம் அமைத்து, படுக்கையாகத்தான் வைக்க வேண்டும். ரெடிமேடாக விற்கும் தட்டுகள் பெரும்பாலும் ஆழம் போதாதவை; நான்கு அடுக்கு அட்டையில் நீங்களே வெட்டிக்கொள்வதே சரி. துண்டுகளைச் சேர்த்துப் படமெடுத்த பிறகுதான் பிரித்து வைக்கவும்.

ஏ-டி பட்டை: சின்னப் பொருள், பெரிய வேலை

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பது. அசிட்டேட் சிதையும்போது வரும் அசிட்டிக் அமிலத்தை அளக்கும் சாயத் தாள். ஃபிலிமோடு மூடிய பெட்டியிலோ பையிலோ ஒரு பட்டை வைத்துவிட்டு, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் விட்டால் போதும். புதுப் பட்டை நல்ல நீலம். நீலமாகவே இருந்தால் நிலை 0. பச்சை கலந்தால் 1, பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போகப் போக 2, முழு மஞ்சள் 3. தொகுப்போடு வரும் பென்சிலின் உடம்பில் நிறக்கட்டங்கள் இருக்கும். பட்டையை அதில் ஒட்டிப் பிடித்துப் பார்க்கலாம்.

முக்கியமான எண் 1.5. அதற்குமேல் சிதைவு தன்னைத்தானே ஊக்கிக்கொள்ளும். உண்டாகும் அமிலமே அடுத்த சிதைவுக்கு ஊக்கி. 2க்கு மேல் உள்ள ஃபிலிமை நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் ஸ்கேன் செய்து குளிரில் வைக்க வேண்டும். 3 என்றால் சுருக்கம், நெளிவு, எமல்ஷன் அடியில் வாய்க்கால் வாய்க்காலாகத் தூக்குதல் பக்கத்தில் வந்துவிட்டது. அசிட்டேட்டில் ஒரு வகையான ட்ரைஅசிட்டேட், புதியதே, 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் ஏறத்தாழ 40 ஆண்டில் அந்த 1.5ஐத் தொடும் என்பது இதே நிறுவனத்தின் கணக்கு. சேகரிப்பில் உள்ளவை அதற்கு மேல் வாழ்ந்துவிட்டவை. புளித்த வாடை வந்த பிறகுதான் சோதிப்பேன் என்று இருப்பவர்களுக்கு: மூக்குக்கு எட்டும்போது பட்டை ஏற்கெனவே பச்சையைத் தாண்டியிருக்கும்.

எங்கே தப்பாகக் காட்டும்? குளிரான அறையில் 24 மணி நேரம் போதாது, நாட்கள் ஆகும். சீக்கிரம் எடுத்தால் நல்ல செய்தி மாதிரித் தெரியும். நைட்ரேட்டின் அமிலமும் நிறத்தை மாற்றும், ஆனால் மேலே சொன்ன எண்கள் நைட்ரேட்டுக்குப் பொருந்தாது. பழைய அமில அட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துச் சோதித்தால் அட்டையின் அமிலமும் கலந்துகொள்ளும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை மாற்றும். பட்டைகள் உள்ள டப்பாவைத் திறந்த பிறகு இருட்டில், இறுக மூடி வையுங்கள். வெளுத்த பட்டை நீலத்திலேயே தொடங்காது. எல்லாப் பெட்டியிலும் போடத் தேவையில்லை. பத்தில் ஒன்று எடுத்துச் சோதித்து, மஞ்சள் காட்டும் வரிசையை மட்டும் முழுதாகச் சோதிக்கலாம். இத்தனை சிறிய பொருளில் இத்தனை தெளிவான பதில் தருவது சந்தையில் வேறு இல்லை.

ஈரப்பதமானி: நம்பிக்கையோடு வாங்காதீர்கள்

கண்ணாடித் தகட்டுக்கு 18 டிகிரிக்குக் கீழ், 30 முதல் 40 சதவீதம் ஈரப்பதம் என்று ஐ.எஸ்.ஓ. 18918 சொல்கிறது. அதிகமானால் கண்ணாடியிலுள்ள காரம் கசிந்து மேற்பரப்பு ‘அழும்’. மிகக் குறைந்தால் ஜெலட்டின் சுருங்கிப் பிளந்து ஓரம் தூக்கும். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஜெலட்டினில் பூஞ்சை. ராமபாணப் பூச்சிக்கும் அதே ஈரம்தான் விருந்து.

இதை அளக்க விற்கும் மலிவு டிஜிட்டல் மீட்டர்கள் பத்து சதவீதம் வரை தப்பு சொல்லும். சோதிப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சொட்டுத் தண்ணீரில் சேறாகக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து, 12 மணி நேரம் வையுங்கள். பைக்குள் 75 சதவீதம் நிற்கும். மீட்டர் 69 காட்டினால், ஆறைக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம். 60 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உப்பு முழுதும் கரையக்கூடாது. திண்மமாக மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு மாறும்.

கையுறை, தூரிகை, சுத்தம்

பருத்திக் கையுறையை இந்த வேலையில் பார்த்தால் கோபம் வரும். கண்ணாடி நழுவும், கையுறையின் நூல், தூக்கி நிற்கும் செதிலில் சிக்கும். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போதும். தூசிக்கு ரப்பர் பல்பு ஊதியும் மென்மையான அகலத் தூரிகையும். அழுத்தமான காற்றுக் கேன் வேண்டாம். குளிர்ந்த திரவமும் தெறிக்கும்.

கண்ணாடிப் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்யலாம். வடித்த நீரும் எத்தனாலும் சம பங்கு, பஞ்சு நனைந்து சொட்டாத அளவு, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. விட்டு. கொலோடியன் தகட்டுக்கு இந்தக் கலவையைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கால வார்னிஷ் ஆல்கஹாலில் கரையும். எமல்ஷன் பக்கத்தில் உள்ள சிவப்பு மை, கறுப்புத் தாள் மறைப்பு, ஓரத்துக் கீறல் எண் எல்லாம் புகைப்படக்காரரின் கைவேலை. அதைச் ‘சுத்தம்’ செய்கிறவர்கள் ஆவணத்தை அழிக்கிறார்கள்.

பிரிண்டுகளில் ஒன்றிரண்டு விதிவிலக்கு

கறுப்பு வெள்ளைக்குக் காரத் தாள் என்றோம். நீலநிறச் சயனோடைப்புக்கு அது எதிரி. காரம் நீலத்தை அழிக்கும், காரம் சேர்க்காத தாள்தான் வேண்டும். பிளாட்டினம் பிரிண்டுக்கு எதிரே வைத்த தாளில் படத்தின் பழுப்பு நகல் விழும். இடையில் தாள் வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டும். சுருண்ட ஆல்புமென் (முட்டை வெள்ளைப் பூச்சுள்ள) பிரிண்டை நிமிர்த்த முயலாதீர்கள், நூல் நூலாக வெடிக்கும். நைட்ரேட் நெகட்டிவ் இருக்கும் பெட்டியில் எந்தப் பிரிண்டும் கூடாது. அது விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பக்கத்திலுள்ள வெள்ளிப் படத்தை வெளுக்கச் செய்யும்.

படமெடுக்க லைட் பாக்ஸ், ஸ்டாண்டு

தட்டை ஸ்கேனரில் தகட்டை எமல்ஷன் கீழே வைத்து இழுக்கும் வழக்கம் மோசம். உரசும், தகடும் ஸ்கேனர் கண்ணாடியும் ஒட்டும் இடத்தில் வளைய வளையமாக நிறக்கோடு தெரியும். லைட் பாக்ஸில் எமல்ஷன் மேலே பார்க்க வைத்து, மேலிருந்து மேக்ரோ லென்ஸில் படமெடுத்து, படத்தை இட வலமாகத் திருப்பிக்கொள்வது மேல். ஹாஃப் பிளேட்டுக்கு அங்குலத்துக்கு 1200 பிக்சல் என்றால் 7800 × 5700, பதினாறு பிட் கிரேஸ்கேல் டிஃப் கோப்பு சுமார் 89 எம்.பி. ஆயிரம் தகட்டுக்கு 89 ஜி.பி.; மூன்று பிரதி வைத்தால் 270. சேமிப்பகத்தை வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தகட்டின் நான்கு ஓரமும் படத்தில் முழுதாக வர வேண்டும். படத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் ஓரத்து எண் போய்விடும்.

குளிர்ப்பதன வழி

நிலை 2ஐத் தாண்டிய அசிட்டேட்டுக்கு -18 டிகிரி ஃப்ரீசர்தான் நிஜமான தீர்வு. கண்ணாடித் தகட்டை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கண்ணாடியும் ஜெலட்டினும் ஒரே மாதிரிச் சுருங்காது. ஃபிலிம் பெட்டியை ஜிப் பையில் அடைத்து, அதை இன்னொரு பையில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் அறை ஈரத்துக்குப் பழகிய ஒரு அட்டையும் கோபால்ட் இல்லாத ஈரங்காட்டி அட்டையும் வெளியே தெரியும்படி வையுங்கள். வெளிப்பை எங்காவது கிழிந்திருந்தால் அந்த ஈரங்காட்டி அட்டை முதலில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இதற்கென்று விற்கும் ஜிப் பைகளில் பூட்டுப் பட்டை இரட்டையாக உள்ளதையே எடுங்கள். ஒற்றைப் பட்டை குளிரில் விறைத்துத் தானே திறந்துகொள்ளும்.

நைட்ரேட் பல டஜன் இருந்தால் தீயணைப்பு நிலையத்தில் கேட்காமல் வீட்டுக்குள் சேர்த்து வைக்காதீர்கள். கூரியரில் சாதாரணப் பொட்டலமாக அனுப்பவும் முடியாது, யு.என். 1324 என்ற எண்ணில் எரியும் திண்மமாக வகைப்படுத்தப்பட்ட சரக்கு அது.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையை உடனே பிரிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அறை ஈரம் குளிர்ந்த ஃபிலிமில் பனியாக இறங்கும். சிறு பெட்டியானாலும் பையோடு ஒரு முழு நாள் அறையில் கிடக்கட்டும். வெளிப்பக்கம் தொட்டால் குளிராத நிலை வந்த பிறகும் உள்ளே நடுவில் குளிர் மிச்சமிருக்கும். பெரிய பெட்டிக்கு இரண்டு நாள்.